வாசகர் கேள்வி – பதில்: நடு வயது விஞ்ஞானிக்குத் தனியாக ஒரு விருதா?

சென்ற இதழில் ஒரு வாசகர், பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) துறையில் பாதி வழியில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தனி விருது கொடுக்கிறார்களாமே என்று கேட்டிருந்தார். "ஆமாம், கொடுக்கத்தான் வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுக்க அதுவே.

கே: இளைஞர்களுக்கு 'இளம் விஞ்ஞானி' விருது, நியாயம். ஓய்வு பெறும்போது வாழ்நாள் சாதனை விருது, அதுவும் சரி. நாற்பத்தைந்து வயதில் நல்ல சம்பளமும் சொந்த லேபும் இருப்பவருக்கு எதற்கு சார் விருது?
*— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி*

ப: சம்பளம் இருக்கிறது, லேப் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்த வயதில் அவர் தலையில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்றும் பாருங்கள் ஐயா. ஏழெட்டு பிஎச்.டி. மாணவர்கள், அவர்களுக்கு உதவித்தொகை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பழுதான எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உதிரி பாகம் வரவழைக்க வேண்டும், அதற்கு மூன்று டெண்டர், நடுவில் வகுப்பு, தேர்வுத்தாள், அங்கீகாரக் குழு வருகிறது என்றால் ஒரு மாதம் கோப்பு வேலை. இளைஞர்களுக்கான நிதித் திட்டங்களுக்கு வயது தாண்டிவிட்டது, பெரியவர்கள் உட்காரும் கமிட்டிகளில் இவர் பெயர் இன்னும் யாருக்கும் தெரியாது. சரியாக இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஆராய்ச்சியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு நிர்வாகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான ஒரு நிதித் திட்டத்தை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. மதிப்பெண்ணில் மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். திறமையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் தேறியவர்களுக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பணம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு ஒரு காரணம், தவறியவர்களில் பலர் மறுபடி விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். முப்பது வயதில் ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு ஐம்பது வயது வரை விலை கொடுக்க வேண்டுமா? நடுவில் ஒருமுறை கணக்கை மறுபடி பார்ப்பதற்குத்தான் இந்த விருது.

உதாரணம் வேண்டுமென்றால் ஷுஜி நாகமுராவைச் சொல்வேன். ஜப்பானில் தோகுஷிமா பக்கம் நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியில் 1979-ல் சேர்ந்தவர். பிஎச்.டி. கிடையாது. உலகமே கைவிட்டுவிட்ட காலியம் நைட்ரைடு என்ற பொருளைக் கட்டிக்கொண்டு அழுதார். நீல ஒளி தரும் எல்.இ.டி.க்கு அந்தப் பொருளில் 'பி' வகை அடுக்கு (நேர்மின்னேற்றத்தைக் கடத்தும் அடுக்கு) வேண்டும், மக்னீசியம் கலந்தும் அது வேலை செய்யாமல் அடம்பிடித்தது. நகோயாவில் அகாசாகியும் அமானோவும் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி 1989-ல் அதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். நாகமுரா நைட்ரஜன் சூழலில் சும்மா சூடாக்கினாலே போதும் என்று காட்டினார், 700 டிகிரி செல்சியஸ் தாண்டினால் மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஹைட்ரஜன் வெளியேறிவிடுகிறது, வில்லன் அதுதான். 1993 நவம்பரில் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளியானபோது அவருக்கு வயது 39. இன்று உங்கள் வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்பு அதன் பேரப்பிள்ளை.

அதற்குக் கம்பெனி கொடுத்த தனி வெகுமதி 20,000 யென். அன்றைய மதிப்பில் இருநூறு டாலருக்குக் கிட்டத்தட்ட. அப்புறம் அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்துக்குப் போய்விட்டார், வழக்கு நடந்தது, 2004-ல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடு என்றது, மறு ஆண்டு 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. மூவருக்கும் நோபல் கிடைத்தது 2014-ல். நாகமுராவுக்கு அப்போது அறுபது, அகாசாகிக்கு எண்பத்தைந்து. நோபல் வரும்வரை காத்திருங்கள் என்று ஒருவரிடம் சொல்வதற்கு இந்த இருபது ஆண்டு இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

கே: பொருளறிவியல் என்றால் ஒரு வரியில்?
*— பத்தாம் வகுப்பு மாணவி, அரூர்*

ப: ஒரு பொருள் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, அதை எப்படித் தயாரித்தோம், அதனால் அது எப்படி நடந்துகொள்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் படிப்பது. செல்போன் பேட்டரி, செயற்கை மூட்டு, விமான இன்ஜினுக்குள் சுழலும் பிளேடு, சோலார் பலகை எல்லாம் இதில் வரும். இயற்பியல், வேதியியல் இரண்டில் எது பிடித்தாலும் உள்ளே நுழையலாம்.

கே: இந்த விருது விளம்பரங்களில் 'சாதனையும் தலைமைப் பண்பும்' என்று போடுகிறார்கள். சாதனையை ஆய்வுக் கட்டுரையில் பார்க்கலாம். தலைமைப் பண்பை எப்படி அளப்பார்கள்? கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவதா?
*— கல்லூரி உதவிப் பேராசிரியர், காரைக்குடி*

ப: நக்கல் புரிகிறது. பல இடங்களில் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. கருத்தரங்கம் நடத்தினார், கமிட்டி உறுப்பினர், இதழின் ஆசிரியர் குழு என்று மூன்று பக்கம் அடுக்கினால் அதுதான் தலைமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் மெட்டீரியல்ஸ் ரிசர்ச் சொசைட்டி என்ற சங்கம் 1973 முதல் இருக்கிறது. அவர்கள் படிப்படியாக வைத்திருக்கிறார்கள்: மாணவர்களுக்கு, தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு, நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு, உச்சியில் வான் ஹிப்பெல் விருது. நடுக்கட்ட விருதில் சாதனையோடு தலைமையையும் வெளிப்படையாகக் கேட்கிறார்கள். காரணம் எளிது. முப்பது வயதுக்காரரிடம் தலைமை கேட்க முடியாது, எழுபது வயதுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

உண்மையான தலைமை எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். முதலாமவர் சென்னையில் பிறந்த ராமமூர்த்தி ரமேஷ். 2003-ல் மேரிலாந்தில் இருந்தபோது அவருடைய குழு பிஸ்மத் ஃபெரைட் என்ற பொருளின் மெல்லிய படலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரே பொருளில் மின் ஒழுங்கும் (உள்ளே மின்முனைகள் ஒரே திசையில் அணிவகுப்பது) காந்த ஒழுங்கும் அறை வெப்பநிலையிலேயே சேர்ந்திருப்பது அபூர்வம், அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க லேப்கள் அந்தப் பொருள் பக்கம் திரும்பின. சரி, அது சாதனைக் கணக்கு. பிறகு பெர்க்லியில் இருந்துகொண்டே, அமெரிக்க எரிசக்தித் துறை 2011-ல் அறிவித்த சன்ஷாட் திட்டத்துக்கு முதல் இயக்குநராகப் போனார். பத்தாண்டுக்குள் சூரிய மின்சாரத்தின் விலையை முக்கால்வாசி குறைப்பது இலக்கு. பெரிய சோலார் பண்ணைகளுக்கு வைத்த யூனிட்டுக்கு 6 சென்ட் என்ற இலக்கை 2020-க்குப் பதில் 2017-லேயே தொட்டுவிட்டார்கள். இதில் அவர் பெயரில் ஒரு கட்டுரைகூட வராது. ஐம்பது வயதில் நன்றாக ஓடுகிற லேபை வைத்துக்கொண்டு, அடுத்தவர்களின் லேபுக்குப் பணமும் இலக்கும் ஏற்பாடு செய்கிற வேலையை எடுத்துக்கொள்வதைத்தான் நான் தலைமை என்பேன். 2022-ல் வான் ஹிப்பெல் விருதும் அவருக்கு வந்தது.

இரண்டாமவர் ஜான் கான், உலோகவியலில் பெரிய பெயர். இவரைச் சொல்ல வேண்டுமென்றால் டான் ஷெக்ட்மனிடமிருந்து தொடங்க வேண்டும். 1982 ஏப்ரல் 8, வாஷிங்டன் அருகே தேசியத் தரக் கழகத்தில் அலுமினியம்–மாங்கனீசு கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார் இஸ்ரேலிலிருந்து வந்திருந்த ஷெக்ட்மன். வயது 41. படிக விதிகளின்படி வரவே முடியாத பத்து மடங்குச் சமச்சீர் (வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு திருப்பினாலும் அதே வடிவம்) புள்ளிகளாக எதிரே நின்றது. குறிப்பேட்டில் மூன்று கேள்விக்குறி போட்டு எழுதிவைத்தார். குழுத் தலைவர் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படித்துப் பார் என்றார், பிறகு குழுவை விட்டே போகச் சொல்லிவிட்டார். இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங்கே கடைசிவரை இதை ஏற்கவில்லை, கேலியும் செய்தார். அந்த நேரத்தில் கான் தன் பெயரையும் சேர்த்துப் போட்டு 1984-ல் கட்டுரை வெளிவர உதவினார். ஷெக்ட்மனுக்கு நோபல் வந்தது 2011-ல், எழுபது வயதில். கான் அன்றைக்குக் கைகொடுத்தது எந்த விருதின் விண்ணப்பப் படிவத்திலும் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதுதான் இந்த அளவுகோல்களில் எனக்குள்ள பெரிய மனக்குறை.

காரைக்குடிக்காரர் என்பதால் ஒன்று. உங்கள் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். லேபுக்கு வெளியே இருந்தும் இப்படித் தலைமை வரலாம், அவருக்கு எந்தக் கமிட்டியும் மதிப்பெண் போடவில்லை.

கே: பட்நாகர் விருதை நிறுத்திவிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மையா?
*— வாசகர், ஓசூர்*

ப: பாதி உண்மை. 1958-ல் தொடங்கிய சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 45 வயதுக்குட்பட்ட இந்திய விஞ்ஞானிகளுக்கான பெரிய கௌரவமாக இருந்தது. ஐந்து லட்சம் ரூபாய், அதோடு 65 வயது வரை மாதம் 15,000. 2022-க்கான அறிவிப்பு வழக்கமான செப்டம்பரில் வரவில்லை, ஓராண்டு தாமதமாக 2023-ல்தான் வந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார் என்று மாற்றினார்கள். விஞ்ஞான் ரத்னா, விஞ்ஞான் ஸ்ரீ, விஞ்ஞான் யுவா, விஞ்ஞான் டீம் என்று நான்கு வகை. இதில் யுவாவுக்கு மட்டும் பட்நாகர் பெயர் ஒட்டியிருக்கிறது, வயது வரம்பு அதே 45. முதல் முறை 2024 ஆகஸ்டில் 33 விருதுகள் கொடுத்தார்கள். பணம் கிடையாது, பதக்கமும் சான்றிதழும்தான்.

குழுவுக்கு என்று ஒரு விருது வைத்தது நல்ல காரியம். பொருளறிவியலில் ஒரு கட்டுரையில் பதினைந்து பெயர் இருப்பது சாதாரணம், ஒருவர் கழுத்தில் மாலை போட்டால் மற்ற பதினான்கு பேர் என்ன செய்வது? ஆனால் மாதம் 15,000 போனது எனக்கு உறுத்துகிறது. பெரிய பல்கலைக்கழகத்துக்காரருக்கு அது பெரிய பணமாக இல்லாமல் இருக்கலாம். சின்ன ஊர்க் கல்லூரியில் இருந்துகொண்டு, ஒரு வேதிப்பொருள் பாட்டில் வாங்கவும் பில் பாஸாகக் காத்திருப்பவருக்கு, யாரிடமும் கேட்காமல் செலவழிக்கக் கையில் கொஞ்சம் பணம் இருப்பது வேறு விஷயம்.

ஒரு சுவாரசியம். முதல் பட்நாகர் பரிசு வாங்கியவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு 1928-ல் வேலை செய்தவர், பிறகு படிகங்களின் காந்தப் பண்பு ஒவ்வொரு திசையிலும் எப்படி மாறுகிறது என்று அளந்தவர், பொருளறிவியல் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே அதைச் செய்துகொண்டிருந்தார். பரிசு வந்த 1958-ல் அவருக்கு வயது 59. இன்றைய வரம்பை வைத்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

கே: எனக்கு வயது 46. இரண்டு பிள்ளைகள். பிஎச்.டி. முடித்ததே 36-ல்தான். இப்போதுதான் என் வேலை நன்றாகப் போகிறது. எல்லா விருதுக்கும் வயது தாண்டிவிட்டது என்கிறார்கள். நான் என்ன 'நடுக்கட்டத்தில்' இல்லையா?
*— மின்கலப் பொருள் ஆராய்ச்சியாளர், கோவை*

ப: நீங்கள்தான் சரியான நடுக்கட்டம். தவறு விதியில் இருக்கிறது. பிறந்த தேதியை வைத்து 45 என்று கோடு போட்டால், 27-ல் பிஎச்.டி. முடித்தவருக்குப் பதினெட்டு ஆண்டு கிடைக்கிறது, உங்களுக்கு ஒன்பது. அந்த ஒன்பதிலும் பிள்ளை வளர்ப்பு.

ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில் தன் நடுக்கட்ட நிதிக்கு வேறு கணக்கு வைத்துக் கொடுத்து வந்திருக்கிறது: பிஎச்.டி. முடித்து 7 முதல் 12 ஆண்டு, வயது என்னவாக இருந்தாலும் சரி, தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் கூடுதல் அவகாசம், ஐந்தாண்டுக்கு 20 லட்சம் யூரோ வரை. அந்தக் கணக்கில் இரண்டு பிள்ளைகளின் தாயான உங்களுக்குப் பதினைந்து ஆண்டு வரை கதவு திறந்திருக்கும். நம் ஊரிலும் இப்படி மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும், பெரிய பணச் செலவு ஒன்றும் இல்லை. வேதியியலுக்கான பட்நாகர் பரிசை 1961-லேயே அசிமா சட்டர்ஜி வாங்கினார், பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான். அறுபது ஆண்டுக்குப் பிறகும் பட்டியலில் பெண்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தால் திறமையைக் குறை சொல்ல முடியாது.

உங்களுக்கு நடைமுறை யோசனை: இந்தியப் பொருளறிவியல் சங்கம் 1989-ல் சி.என்.ஆர். ராவ் முன்னின்று தொடங்கியது, அதன் பதக்கங்களைப் பாருங்கள். வெளிநாட்டுச் சங்கங்களின் விதிகளையும் ஒருமுறை முழுசாகப் படியுங்கள், பல இடங்களில் வயதைப் பற்றிய பேச்சே இருக்காது.

கே: தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இந்தத் துறையில் நடு வயதில் அங்கீகாரம் வாங்கி, அதன் பிறகும் வேலை செய்தவர் யாராவது?
*— வாசகி, மேட்டூர்*

ப: சென்னை ஐ.ஐ.டி.யின் தலப்பில் பிரதீப். கேரளத்துக்காரர், 1963-ல் பிறந்தவர், 2008-ல் பட்நாகர். அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். 2003 வாக்கில் குடிநீரிலும் குளிர்பானத்திலும் பூச்சிக்கொல்லி என்று நாடே பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். அவருடைய லேபில் வெள்ளி, தங்க நானோ துகள்கள் எண்டோசல்ஃபான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்றவற்றைத் தண்ணீரிலிருந்து பிடித்து எடுப்பதைக் காட்டினார்கள். தங்கமா, தண்ணி வடிகட்டவா என்று கேட்பீர்கள். துகள் அவ்வளவு சின்னதாக இருக்கும்போது கொஞ்சூண்டு உலோகமே ஏகப்பட்ட பரப்பைக் கொடுக்கும், அலுமினா மணிகள் மேல் பூசிவிட்டால் பில்டருக்குள் வைத்துவிடலாம். 2007-ல் கடைக்கே வந்துவிட்டது.

விருதுக்குப் பிறகு படுத்துவிடவில்லை. அடுத்து ஆர்செனிக். வங்காளம், பீகார் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து தோலையும் உள்ளுறுப்பையும் கெடுக்கிற விஷம், உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானுக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகளைப் பொதித்து, மின்சாரம் இல்லாமலே ஆர்செனிக்கைப் பிடிக்கிற பொருளைச் செய்தார்கள். அம்ரித் என்று பெயர், லட்சக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2020-ல் பத்மஸ்ரீ. அவரிடம் படித்த மாணவர்கள் கம்பெனிகள் தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும் தலைமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கே: விருது வாங்கியதும் உழைப்பு குறைந்துவிடும் என்பார்களே, அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?
*— பொறியாளர், சேலம்*

ப: கணிதத்தில் உண்டு. நாற்பது வயதுக்குள் கொடுக்கிற ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர்களையும், வாங்கியிருக்கக்கூடிய ஆனால் வாங்காதவர்களையும் ஒப்பிட்டு ஜார்ஜ் போர்ஹாஸ், கர்க் டோரன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். பதக்கத்துக்குப் பிறகு வெளியீடு குறையத்தான் செய்கிறது. ஆனால் அதில் ஒரு பங்குக்குக் காரணம் சோம்பல் கிடையாது, பயம் விட்டுப்போய்ப் பழக்கமில்லாத புதுத் துறைகளில் கைவைக்கிறார்கள், அங்கே கட்டுரை எழுத நாளாகிறது. நான் இதை நஷ்டமாக எழுத மாட்டேன். காலியம் நைட்ரைடு மாதிரி ஒரு பைத்தியக்காரத்தனத்தில் இறங்க நாற்பத்தைந்தாவது வயதில் யாருக்காவது தைரியம் வந்தால் வரட்டுமே.

கே: எங்கள் துறையில் ஒருவரைப் பரிந்துரைக்க நினைக்கிறோம். கடிதம் எப்படி எழுதுவது?
*— துறை ஆசிரியர்கள் சிலர், மதுரை*

ப: முதலில், 'இவர் ஒரு தலைசிறந்த அறிஞர்' என்று தொடங்காதீர்கள். பரிந்துரைக் கடிதங்கள் நிறைய படித்தவன் சொல்கிறேன், அந்த வரிக்குப் பிறகு படிப்பவர் கண் தானாகக் கீழே போய்விடும். கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள், அது எப்படியும் சுயவிவரத்தில் இருக்கும்.

ஒரு கண்டுபிடிப்பை மட்டும் எடுத்து, அதற்கு முன் நிலைமை என்ன, இவர் செய்த பிறகு என்ன மாறியது, வேறு எந்த லேப் அதை எடுத்துப் பயன்படுத்தியது என்று துறைக்கு வெளியே உள்ளவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். கூட்டு வேலை என்றால் இவர் பங்கு எது என்று நேராகச் சொல்லுங்கள், மழுப்பினால் கமிட்டி சந்தேகப்படும். தலைமைக்குக் கமிட்டிப் பெயர்களை அடுக்காமல், அவர் இல்லாவிட்டால் நடந்திருக்காத ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து பயன்படுத்தட்டும் என்று கருவியைத் திறந்துவிட்டாரா, பாதியில் விட்டுப்போக இருந்த மாணவியைத் திரும்பக் கொண்டுவந்தாரா, அது போதும். ஆதரவுக் கடிதங்களில் ஒன்றாவது அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதாதவரிடமிருந்து வரட்டும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் இணையதளம் படுத்துவிடும், அதனால் ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். இந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், தேதியை மாற்றி, புதிதாக நடந்ததைச் சேர்த்து அடுத்த ஆண்டும் அனுப்புங்கள்.